அறிவித்து வரும் மின்வெட்டும் அறிவிக்காமல் வரும் மின்வெட்டும்: ஓடும் கொள்கலனைச் சேமித்து எழுப்புவது பற்றி

கொழும்பில் மென்பொருள் வேலை பார்ப்பவர்களுக்கு இரண்டு வகை மின்வெட்டு பழக்கம். 2022 இன் முற்பகுதியில் நாட்டை ஆங்கில எழுத்துகளின்படி வலயங்களாகப் பிரித்து, எந்த வலயத்துக்கு எத்தனை மணிக்கு மின்சாரம் நிற்கும் என்று அட்டவணை வெளியிட்டார்கள். மார்ச் இறுதியில் அது நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை போனது. கொடுமைதான், ஆனால் நேரம் தெரிந்த கொடுமை. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் நாடு முழுவதும் மின்சாரம் போனது வேறு ரகம். பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததே காரணம் என்றார் வலுசக்தி அமைச்சர். குரங்குகள் அட்டவணை வெளியிடுவதில்லை.

ஓடிக்கொண்டிருக்கும் ஒரு மென்பொருள் கொள்கலனை நடுவழியில் நிறுத்தி, அதன் நிலை முழுவதையும் வன்தட்டில் எழுதிவைத்து, பிறகு விட்ட இடத்திலிருந்தே ஓடவைக்கும் நுட்பத்துக்குச் செக்பொயின்ட் என்று பெயர். கொள்கலன்களை ஓட்டி நிர்வகிக்கும் டொக்கர், பொட்மேன், குபர்நெட்டிஸ் ஆகிய மூன்று மென்பொருள்களிலும் இது ஏதோ ஒரு வடிவில் வந்துவிட்டது. இதைக் கேள்விப்படும் கொழும்புக்காரர் முதலில் கேட்பது, இனி கரண்ட் போனாலும் பரவாயில்லையா என்பதுதான். அட்டவணை போட்ட மின்வெட்டென்றால் பரவாயில்லை. குரங்கு வந்தால் ஒன்றும் செய்ய முடியாது. நிலையைச் சேமிப்பது ஒரு வேலை. அந்த வேலைக்குச் சில விநாடிகளாவது வேண்டும், அந்த விநாடிகளில் மின்சாரமும் வேண்டும். சொல்லிக்கொண்டு புறப்படுகிறவர்களுக்கான ஏற்பாடு இது. இதன் வரம்புகளில் பெரும்பாலானவை இந்த ஒன்றிலிருந்தே பிறக்கின்றன.

கொள்கலன் என்றால் உள்ளே தனியாக ஒரு கணினி ஓடுகிறது என்று நினைப்பவர்கள் இன்னும் பலர். சாதாரண லினக்ஸ் செயன்முறைகள்தாம், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் நிரல்கள்தாம், கொள்கலனுக்குள்ளும் ஓடுகின்றன. பணிசெயல் முறைமையின் மையப் பகுதியான கேர்னல் அவற்றுக்குத் தனிப் பெயர்வெளிகளைக் கொடுத்து, அயலில் இருப்பவற்றைப் பார்க்க முடியாதபடி மறைத்து, எவ்வளவு நினைவகம் எடுக்கலாம், எவ்வளவு செயலி நேரம் எடுக்கலாம் என்று வரம்பு கட்டுகிறது, அவ்வளவுதான். மெய்நிகர் இயந்திரத்தைச் சேமிப்பது ஒப்பீட்டளவில் எளிது. அதன் பணிசெயல் முறைமையும் நினைவகமும் ஒரே உறைக்குள் இருப்பதால், மேலிருந்து நிர்வகிக்கும் மென்பொருள் மொத்தமாக அள்ளி எழுதிவிடும். கொள்கலனின் நிலையில் ஒரு பகுதிதான் அதனிடம் இருக்கிறது. திறந்திருக்கும் கோப்புகள், வலையமைப்பு இணைப்புகள், காத்திருக்கும் சமிக்ஞைகள், நேரக் கணிப்பிகள் எல்லாம் அதே சேர்வரில் ஓடும் மற்றக் கொள்கலன்களுக்கும் பொதுவான கேர்னலுக்குள் சிதறிக் கிடக்கின்றன.

பொரளையில் பி. சரவணமுத்து ஓவல் மைதானத்தில் டெஸ்ட் ஆட்டம் நடக்கிறது, ஓவரின் நான்காவது பந்தோடு மழை வந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் ஆட்டம் தொடரும்போது யார் எந்த முனையில் நின்றார், பந்து வீசியவர் யார், ஓவரில் இன்னும் இரண்டு பந்து மிச்சம் என்பதெல்லாம் ஸ்கோர் புத்தகத்தில் இருக்கும். ஆடுகளம் இரவில் எவ்வளவு ஈரம் குடித்தது என்பது அதில் இராது. கொள்கலனின் ஸ்கோர் புத்தகத்தை எழுதும் கலையை லினக்ஸ்காரர்கள் ஏறத்தாழ முழுமையாகக் கற்றுவிட்டார்கள். ஆடுகளம்தான் இன்னும் தொல்லை கொடுக்கிறது.

கற்றுக்கொண்ட கதையும் சுவையானது. 2008 முதல் 2010 வரை ஓரன் லாடன் முதலானோர் சேமிப்பது, எழுப்புவது இரண்டையும் கேர்னலுக்குள்ளேயே செய்யும் நீண்ட திருத்தத் தொடர் ஒன்றை முன்வைத்தார்கள். கேர்னலின் ஒவ்வொரு மூலையையும் தொடும் அந்த மாற்றம் பராமரிக்க முடியாத அளவு சிக்கலானது என்று ஏற்கப்படவில்லை. 2011 இல் ஓபன்விசெட் என்னும் லினக்ஸ் கொள்கலன் திட்டக் குழுவின் பாவெல் எமெல்யானோவ் எதிர்த்திசையில் போனார். வேலையின் பெரும்பகுதியைக் கேர்னலுக்கு வெளியே, சாதாரண நிரலாகவே செய்யலாம். கேர்னலிடம் சின்னச் சின்ன உதவிகள் மட்டும் கேட்கலாம் என்றார். அந்தத் திட்டத்தின் பெயர் கிரியூ. 2012 ஜனவரியில் அதன் முதற்பகுதிகளைக் கேர்னலில் சேர்க்க அனுப்பிய கேர்னல் பராமரிப்பாளர் அன்ட்ரூ மோர்ட்டன், இது கிறுக்கு ரஷ்யர்கள் சிலரின் திட்டம் என்றும், இது கடைசியில் வேலை செய்யும் என்பதில் அவர்களுக்கு இருக்கும் நம்பிக்கை தனக்கு இல்லை என்றும் மாற்றக் குறிப்பிலேயே எழுதிவைத்தார். தோற்றுப்போனால் சுவடில்லாமல் துடைத்துவிட வசதியாக, புதிய நிரல் முழுவதையும் தனி அமைப்புத் தெரிவு ஒன்றுக்குள் அடைக்கச் செய்தார். துடைக்க வேண்டிய தேவை வரவில்லை. 2013 நவம்பரில் கிரியூவின் 1.0 பதிப்பு வெளிவந்தது. இன்று டொக்கரும் பொட்மேனும் செக்பொயின்ட் எடுக்கும்போது உண்மையில் வேலை செய்வது இதுதான்.

வேலை நடக்கும் விதம் கொஞ்சம் துணிச்சலானது. கிரியூ முதலில் கொள்கலனுக்குள் இருக்கும் செயன்முறைகள் எல்லாவற்றையும் உறையவைக்கிறது. கேர்னல் வெளியே காட்டும் தகவல் கோப்புகளிலிருந்து எந்தச் செயன்முறை எந்தக் கோப்பைத் திறந்திருக்கிறது, நினைவகத்தின் எந்தப் பகுதி எங்கே பொருத்தப்பட்டிருக்கிறது என்று திரட்டுகிறது. வெளியிலிருந்து பார்க்க முடியாத விபரங்களும் உண்டு. அவற்றுக்காகத் தன்னுடைய சிறு நிரல்துண்டு ஒன்றை அந்தச் செயன்முறைக்குள்ளேயே செலுத்தி, உள்ளிருந்தே பேசவைக்கிறது. இதை ஒட்டுண்ணி நிரல் என்றே அழைக்கிறார்கள். வேலை முடிந்ததும் ஒட்டுண்ணி அகற்றப்பட்டு, செயன்முறை எதுவும் நடக்காதது போல் பழையபடி ஆக்கப்படுகிறது. வைரஸ் எழுதுபவர்கள் பயன்படுத்தும் அதே வழி, நல்ல காரியத்துக்கு.

எழுப்புவது இன்னும் கடினம். கிரியூ தானே பிரிந்து பிரிந்து பழைய செயன்முறைகளின் குடும்ப மரத்தை மீண்டும் உருவாக்குகிறது. பிறகு ஒவ்வொன்றும் தன் பழைய கோப்புகளைத் திறந்து, பழைய நினைவகத்தைப் பழைய முகவரிகளில் பொருத்திக்கொண்டு, இறுதியில் தன்னுடைய சொந்த நிரலையே அழித்துவிட்டுப் பழைய செயன்முறையாக மாறிவிடுகிறது. செயன்முறை எண்ணும் அதேதான் வேண்டும். இல்லாவிட்டால் தன் பிள்ளையை அந்த எண்ணால் தேடும் நிரல் வேறு யாரையோ பிடிக்கும். நீண்ட காலம் இதற்கு ஒரு தந்திரம் இருந்தது: கடைசியாகக் கொடுத்த எண் இதுதான் என்று கேர்னலை நம்பவைத்து, அடுத்த கணமே புதிய செயன்முறையைப் பிறப்பிப்பது. இடையில் வேறொன்று பிறந்துவிட்டால் எண் கைநழுவும். லினக்ஸ் 5.5 இல்தான் வேண்டிய எண்ணை நேரடியாகக் கேட்டுப் பெறும் வழி வந்தது. அடுத்து வந்த 5.6 கடிகாரத்துக்குத் தனிப் பெயர்வெளி கொடுத்தது. கணினி தொடங்கியதிலிருந்து கழிந்த நேரத்தை வைத்துக் கணக்குப் பார்க்கும் நிரல் இன்னொரு கணினியில் எழுப்பப்பட்டாலும் அந்த நேரம் பின்னோக்கிப் பாயாமல் இருப்பது இதனால்தான்.

எல்லாவற்றிலும் அழகானது, இரு கணினிகள் இணையத்தில் பேசிக்கொள்ளும் டிசிபி இணைப்பைச் சேமிக்கும் விதம். கொள்கலன் யாரோ ஒருவரோடு பேசிக்கொண்டிருக்கிறது. நடுவில் அதை உறையவைக்கிறோம். மறுமுனையில் இருப்பவர் அனுப்பும் பொதிகள் வந்துகொண்டேயிருக்கும். இணைப்பு இல்லாத இடத்துக்குப் பொதி வந்தால் கேர்னல் இப்படி ஓர் இணைப்பே இல்லை என்று மறுமொழி அனுப்பும். அதோடு எல்லாம் முறிந்துவிடும். அதனால் கிரியூ முதலில் தீயரண் விதி ஒன்றைப் போட்டு அந்த இணைப்பின் பொதிகளை ஓசையின்றிக் கைவிடச் செய்கிறது. பிறகு லினக்ஸ் 3.5 இல் இதற்காகவே சேர்க்கப்பட்ட பழுதுபார்ப்பு நிலைக்கு இணைப்பை மாற்றி, வரிசை எண்களையும் அனுப்பாமல் தேங்கிய தரவுகளையும் படித்து எழுதிக்கொள்கிறது. எழுப்பும்போது அதே எண்களோடு இணைப்பைக் கைகுலுக்கல் இல்லாமலே நிறுவுகிறது. மறுமுனைக்கு இதெல்லாம் தெரியாது. இணையம் சற்று மெதுவாக இருந்தது என்றே நினைத்துக்கொள்ளும். நமது ஊர் இணைப்புகளைப் பொறுத்தவரை அது சந்தேகத்துக்குரிய விடயமும் அல்ல.

ஆனால் மறுமுனையின் பொறுமைக்கும் எல்லை உண்டு. லினக்ஸின் இயல்பான அமைப்பில், அனுப்பிய தரவுக்குப் பதில் வராவிட்டால் ஏறத்தாழ 15 நிமிடம் வரை மீண்டும் மீண்டும் அனுப்பிப் பார்க்கும். மேலே ஓடும் நிரல்கள் பெரும்பாலும் அதற்கு வெகு முன்னரே கைவிட்டுவிடும். ஐபி முகவரி மாறினாலும் இணைப்பு செத்தது. பொட்மேனில் இணைப்புகளையும் சேமி என்று தனியாகச் சொன்னால்தான் அது சேமிக்கும். சொல்லாவிட்டால், திறந்த இணைப்பு இருப்பதைக் கண்டவுடன் வேலையை மறுத்துவிடும். இந்த மறுப்பைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது நல்ல பழக்கமாகவே படுகிறது.

இங்கேதான் யூபிஎஸ் கதைக்குள் வருகிறது. வெள்ளவத்தையில் மின்பிறப்பாக்கி இல்லாத ஒரு தொடர்மாடியில் இருந்து வேலை செய்பவருக்கு, யூபிஎஸ் கொடுக்கும் பத்து நிமிடம் ஓர் அறிவித்தல். குரங்கு மின்வெட்டையும் அது அட்டவணை மின்வெட்டாக மாற்றித் தருகிறது. 16 ஜிபி நினைவகம் பிடித்திருக்கும் கொள்கலனை, விநாடிக்கு 500 எம்பி எழுதும் சாதாரண எஸ்எஸ்டியில் சேமிக்க அரை நிமிடத்துக்குச் சற்று மேல் போதும். யூபிஎஸ் மின்கலத்துக்கு மாறிய செய்தி வந்தவுடன் தானாகச் சேமிக்கும்படி ஒரு சிறு நிரல் எழுதிவைக்கலாம். என்றாலும் ஒன்று சொல்ல வேண்டும்: முழுக் கணினியையும் தூங்கவைத்து எழுப்புவதே நோக்கமென்றால், கணினியோடு வரும் ஹைபர்னேட் வசதி அதைக் குறைந்த தலையிடியோடு செய்துவிடும். இத்தனை கொள்கலன்களில் இதை மட்டும் காப்பாற்று, அல்லது இதை இன்னோர் இடத்துக்கு அனுப்பு என்னும்போதுதான் செக்பொயின்ட் தேவைப்படுகிறது.

இன்னோர் இடம் என்றால் எங்கே? அமேசான், மைக்ரோசொஃப்ட், கூகுள் மூன்றுக்கும் இலங்கையில் முழு அளவிலான மேகப் பிராந்தியம் கிடையாது. கொழும்பு நிறுவனங்களின் மேகக் கணினிகள் மும்பையிலோ சிங்கப்பூரிலோ ஓடுவது வழக்கம். அதே 16 ஜிபியை இங்கிருந்து விநாடிக்கு 100 மெகாபிட் இணைப்பில் கடல் தாண்டி அனுப்பினால் 21 நிமிடத்துக்கு மேலாகும். டிசிபியின் 15 நிமிடப் பொறுமை அதற்குள் தீர்ந்துவிடும். ஒரே தரவு மையத்துக்குள், விநாடிக்கு ஒரு கிகாபிட் இணைப்பில்கூட 2 நிமிடத்தைத் தாண்டும். அமேசானின் மலிவு விலை ஸ்பொட் கணினிகளைத் திரும்ப எடுக்குமுன் கொடுக்கும் அவகாசம் சரியாக 2 நிமிடம் என்பதை இதோடு வைத்துப் பாருங்கள். கூகுள் கொடுப்பது 30 விநாடி.

இதைச் சமாளிக்க இரண்டு வழிகளைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஒன்று, கொள்கலன் ஓடிக்கொண்டிருக்கும்போதே நினைவகத்தைப் பிரதியெடுத்து அனுப்பத் தொடங்கி, அதற்குப் பின் மாறிய பக்கங்களை மட்டும் மீண்டும் அனுப்பி, கடைசியில் மிஞ்சிய சிறு பகுதிக்காக மட்டும் நிறுத்துவது. மற்றது தலைகீழ்: மிக அவசியமானதை மட்டும் எடுத்துக்கொண்டு அங்கே எழுப்பிவிடுவது, மீதிப் பக்கங்களைத் தேவைப்படும்போது பழைய இடத்திலிருந்து இழுப்பது. பின்னது வேகமாகத் தெரியும். ஆனால் இழுத்துக்கொண்டிருக்கும்போது பழைய கணினியின் மின்சாரம் போனால் இரண்டு இடத்திலும் ஒன்றும் மிஞ்சாது. கொழும்பிலிருந்து கிளம்பும் எதற்கும் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

இனி ஆடுகளம், அதாவது கொள்கலனின் நினைவகத்துக்கு வெளியே இருக்கும் வன்தட்டும் வெளியுலகமும். காலை 10 மணிக்கு நினைவகத்தைச் சேமித்தோம். கொள்கலனை நிறுத்தாமல் ஓடவும் விட்டோம். 10.05 க்கு ஏதோ கோளாறு. 10 மணி நினைவகத்தை எழுப்புகிறோம். ஆனால் வன்தட்டில் இருக்கும் தரவுத்தளக் கோப்புகள் 10.05 இன் நிலையில் இருக்கின்றன. தான் இன்னும் எழுதவில்லை என்று நினைவகம் நம்பும் பக்கங்கள் ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டன. தரவுத்தளம் உடனே விழுந்தால் அதிர்ஷ்டம். விழாமல் தவறான கணக்கோடு ஒரு வாரம் ஓடினால்தான் ஆபத்து. திறந்திருந்த கோப்பின் அளவு மாறியிருந்தால் கிரியூ எழுப்ப மறுக்கும். அளவு மாறாமல் உள்ளே மட்டும் மாறிய கோப்பு அந்தச் சோதனையில் சிக்காது. நினைவகத்தையும் வன்தட்டையும் ஒரே கணத்தில் படமெடுக்க முடியாவிட்டால், தரவுத்தளம் ஓடும் கொள்கலனுக்கு இந்த நுட்பத்தைத் தொடாமல் விடுவது நல்லது.

வன்தட்டாவது நம் கையில் இருக்கிறது. வெளியுலகம் இல்லை. வங்கிகளுக்கிடையே பணம் அனுப்பும் ஒரு சேவை 10.01 க்குச் சம்பளப் பட்டியலை லங்காபே வலையமைப்புக்கு அனுப்பிவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். 10 மணி நிலையிலிருந்து எழுப்பப்பட்ட சேவைக்கு அது தெரியாது, மறுபடி அனுப்பும். ஒவ்வொரு கட்டளைக்கும் மாறாத அடையாள எண் வைத்து, இது ஏற்கெனவே வந்தது என்று மறுமுனை நிராகரிக்கும்படி கட்டியிருந்தால்தான் தப்பலாம். அந்த ஒழுக்கம் இருக்கும் சேவைகளை அணைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்கினாலும் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது என்பது இதிலுள்ள வேடிக்கை.

செக்பொயின்டைக் காப்புப் பிரதியாக நினைப்பவர்களுக்கும் இங்கேயே ஒரு வார்த்தை. 2023 இல் லங்கா அரச மேகம் கப்பம் கேட்கும் தீம்பொருளுக்கு இலக்காகி, அரச மின்னஞ்சல்களில் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையானவை இழக்கப்பட்டன. இணையவழிக் காப்புப் பிரதிகளும் சேர்ந்தே பூட்டப்பட்டிருந்தன. அதே சேர்வரில் கிடக்கும் செக்பொயின்ட் கோப்புக்கும் அதே கதிதான் நேரும். அது ஓட்டத்தைத் தொடரவைக்க எழுதப்பட்டது; தரவைக் காக்க வேறு ஏற்பாடு வேண்டும்.

செயலி வேறுபட்டாலும் சிக்கல் உண்டு. நிரல் தொடங்கும்போதே அடிப்படை நூலகங்கள் இந்தச் செயலியில் என்னென்ன வசதிகள் இருக்கின்றன என்று பார்த்து, அதற்கேற்ற வேகமான கட்டளைகளைத் தெரிவுசெய்துவிடும். புதிய செயலியில் தொடங்கி, அந்த வசதி இல்லாத பழைய செயலியில் எழுப்பினால், தெரியாத கட்டளை என்று நிரல் அங்கேயே சாகும். பழைய செயலியிலிருந்து புதியதற்குப் போவது பெரும்பாலும் சரியாக வரும். பலவித வயதுள்ள சேர்வர்களை ஒன்றாக ஓட்டும் நமது சிறு நிறுவனங்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

வரைகலைச் செயலிகள் (ஜிபியூ) நீண்ட காலம் எட்டாக்கனியாக இருந்தன, ஏனென்றால் அவற்றின் நினைவகம் லினக்ஸின் பார்வைக்கு வெளியே இருக்கிறது. ஏஎம்டிக்கு 2022 இலும் என்விடியாவுக்கு 2024 இலும் வழி பிறந்தது. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் நடக்கும் சிங்கள–தமிழ் இயந்திர மொழிபெயர்ப்பு ஆய்வு போன்றவற்றில், நாட்கணக்கில் ஓடும் மாதிரிப் பயிற்சிக்கு இது கவர்ச்சியாகத் தோன்றும். பயிற்சி நிரல்கள் தங்கள் எடைகளை, அதாவது மாதிரி கற்றுக்கொண்ட எண்களை, தாமே அவ்வப்போது எழுதிவைக்கும் பழக்கம் கொண்டவை. அது சிறிய கோப்பு, எந்தக் கணினியிலும் திறக்கும். தன் நிலையைத் தானே சேமிக்கத் தெரிந்த நிரலுக்கு வெளியிலிருந்து செய்யும் சேமிப்பு இரண்டாம் தெரிவாகவே இருக்க வேண்டும். சேமிக்கத் தெரியாத, மூலநிரலும் கையில் இல்லாத பழைய நிரல்களுக்குத்தான் கிரியூ வரப்பிரசாதம்.

பெரிய நிறுவனங்கள் இதை வைத்து என்ன செய்கின்றன? கூகுள் தன் உள் கணினித் தொகுதிகளில் வேலைகளை இடம்மாற்றக் கிரியூவைப் பயன்படுத்துவதை 2018 இல் விவரித்தது. ஜாவா உலகம் வேறு பயன் கண்டது: தொடங்கச் சோம்பல்படும் நிரலை ஒருமுறை தொடக்கி, சூடேற்றி, அந்த நிலையைச் சேமித்து, தேவைப்படும்போதெல்லாம் அதிலிருந்து எழுப்புவது. அமேசான் 2022 இல், தேவைப்படும்போது மட்டும் நிரலை ஓட்டும் தன் லம்டா சேவைக்குக் கொண்டுவந்த ஸ்னாப்ஸ்டார்ட் இதே எண்ணத்தை நுண் மெய்நிகர் இயந்திரங்களில் செய்கிறது. இதில் ஒரு கண்ணி இருக்கிறது. சேமிக்குமுன்னரே சீரற்ற எண்களுக்கான விதையை நிரல் எடுத்துவிட்டால், அதிலிருந்து எழும் நூறு பிரதிகளும் ஒரே விதையோடு எழும். வெவ்வேறாக இருக்க வேண்டிய கடவுக்குறிகள் ஒரே மாதிரி வரக்கூடும். எழுந்ததும் விதையைப் புதுப்பிக்கும் கட்டளையை நிரலில் சேர்த்தாக வேண்டும்.

குபர்நெட்டிஸ் இந்த வசதியை எடுத்துக்கொண்ட காரணம் இன்னும் வேறு: தடயவியல். 2022 ஓகஸ்ட்டில் வந்த 1.25 பதிப்பில் சோதனை நிலையிலும், 2024 இல் 1.30 பதிப்பில் பீட்டா நிலையிலும் இது சேர்க்கப்பட்டது. ரெட் ஹட்டின் அட்ரியன் ரெபர் இதற்குப் பின்னால் நின்றவர்களில் முக்கியமானவர். ஒரு கொள்கலனுக்குள் யாரோ ஊடுருவியிருப்பதாகச் சந்தேகம் வந்தால், அது ஓடிக்கொண்டிருக்கும்போதே, ஊடுருவியவருக்குத் தெரியாமல் ஒரு பிரதி எடுத்து, தனியான கணினியில் எழுப்பியோ எழுப்பாமலோ நிதானமாக ஆராயலாம். அணைத்துவிட்டுப் பார்த்தால் நினைவகத்தில் மட்டும் வாழும் தீம்பொருள் தடயமில்லாமல் போய்விடும். அறிவிக்காமல் வருகிறவனைப் பிடிக்க இந்த நுட்பம் உதவும் ஒரே இடம் இதுதான்.

அந்தப் பிரதிக்குள் எல்லாம் இருக்கும்: தரவுத்தளக் கடவுச்சொல், மறைகுறியாக்கச் சாவி, அந்தக் கணத்தில் உள்ளே இருந்த வாடிக்கையாளர்களின் அடையாள அட்டை எண்கள், அட்டை விபரங்கள். வன்தட்டில் மறைகுறியாக்கி வைத்திருந்த தரவும் நினைவகத்தில் வெளிப்படையாகவே கிடக்கும். இலங்கையின் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கண்ணில் இது ஓர் எளிய தொழில்நுட்பக் கோப்பாக நிற்காது. குபர்நெட்டிஸ் இந்தக் கோப்புகளை அந்தந்தக் கணினியின் உள்ளூர் வன்தட்டில், கணினியின் முழு அதிகாரம் கொண்ட ரூட் கணக்கு மட்டும் படிக்கும்படி வைக்கிறது. பழையவற்றைத் தானாக அழிப்பதில்லை. எடுப்பவர் ஒருவர், ஆராய்பவர் இன்னொருவர் என்று வேலை பிரிந்திருக்கும் அலுவலகங்களில், ஆராய்ந்து முடிந்த பிரதியை அழிப்பது யார் பொறுப்பு என்பதை முதல் பிரதி எடுக்குமுன்பே எழுதிவைத்துக்கொள்ள வேண்டும்.